முட்டை எங்கே இடும்?

கேள்வி: ஆஸ்திரேலிய நுரையீரல் மீன் பத்து கோடி ஆண்டுகளாக மாறாமல் வாழ்கிறதாம். காற்றையும் சுவாசிக்கும், சேற்றில் புதைந்தும் பிழைக்கும். அதன் ஆற்றில் அணை கட்டினால் தண்ணீர் கூடத்தானே செய்யும்? ஏன் இத்தனை எதிர்ப்பு?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: சேற்றில் புதைந்து வறட்சியைத் தாண்டுவது ஆப்பிரிக்க நுரையீரல் மீன். ஆஸ்திரேலிய மீனால் அது முடியாது. அதற்கு நுரையீரல் ஒன்றுதான். பெரும்பாலும் செவுளால்தான் சுவாசிக்கிறது. தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும்போது மேலே வந்து காற்றை இழுத்துக்கொள்ளும். ஆறு வற்றினால் செத்துப்போகும்.

தண்ணீர் கூடும் என்கிறீர்கள். எந்தத் தண்ணீர்? குவீன்ஸ்லாந்தின் பர்னெட், மேரி ஆறுகள்தான் இதன் தாயகம். கரையோரம், ஆழம் குறைந்த இடத்தில், அடர்ந்த நீர்ச்செடிகளில் ஒவ்வொன்றாக முட்டையை ஒட்டவைக்கும். பொரிய மூன்று, நான்கு வாரமாகும். தாயோ தகப்பனோ காவல் இருப்பதில்லை, செடிதான் பாதுகாப்பு. அணைத் தேக்கத்தில் நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஏறினால் செடிக்கு வெளிச்சம் போதாது, இறங்கினால் செடியும் முட்டையும் கரையில் காயும்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. சிகாகோ ஷெட் மீன் காட்சியகத்துக்கு 1933-இல் வந்த ஒரு மீன் 2017 வரை உயிரோடிருந்தது. அவ்வளவு ஆயுள்! அதனால் தேக்கத்தில் பெரிய மீன்கள் நிறையத் தெரியும், எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். குஞ்சு பொரித்து வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். பெண் மீன் முட்டையிடும் பருவத்துக்கு வரவே ஏறக்குறைய இருபது ஆண்டு ஆகிறது. இன்று குஞ்சுகள் இல்லை என்றால், அந்தக் குறை கண்ணில் படுவதற்குள் ஒரு தலைமுறை மனிதர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள்.

பர்னெட்டில் பாரடைஸ் அணை 2005-இல் வந்துவிட்டது. மேரி ஆற்றில் திட்டமிட்ட டிராவெஸ்டன் அணையை 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் பீட்டர் காரெட் நிராகரித்தார். அந்த ஆற்றுக்கே உரிய ஆமையையும் காட் மீனையும் சேர்த்து எண்ணி எடுத்த முடிவு அது. சரியான முடிவு என்றே சொல்வேன். பத்து கோடி ஆண்டு தாங்கியது என்பதை அணைக்கு ஆதரவாக நீட்டாதீர்கள். அந்தக் காலம் முழுக்க அதன் வழியில் கான்கிரீட் சுவர் இருந்ததில்லை. கட்டி முடித்த அணையிலாவது, ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையிலான முட்டைக் காலத்தில் நீர்மட்டத்தை ஏற்றி இறக்காமல் வைத்திருக்கட்டும்.