பழைய ஜீப்பின் முன்கண்ணாடி ரப்பர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எனக்கு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான்: "வண்டிக்குள் தண்ணீர் வருகிறது, ரப்பரை மாற்றிவிடலாமா?" சுசுகி, லேண்ட் ரோவர், லேண்ட் குரூசர் என்று பழைய வண்டிகளைக் கழற்றி மாட்டி இருபது வருடமாகிறது. அந்தப் பழக்கத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஈசூன்): அண்ணே, என்னுடையது 1997 லேண்ட் ரோவர் டிஃபெண்டர். மழை விட்டதும் பார்த்தால் முன்பயணி கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வொர்க்‌ஷாப்பில் கண்ணாடி ரப்பர் போய்விட்டது என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: தம்பி, இப்போதே ரப்பருக்குப் பணம் கட்டாதீர்கள். டிஃபெண்டரில் கண்ணாடிக்குப் பக்கத்தில் மட்டும் தண்ணீர் புக மூன்று வழிகள் உண்டு. கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஒன்று. கண்ணாடிச் சட்டம் அதற்குக் கீழே உள்ள இரும்புச் சுவரோடு சேரும் இடத்தில் இருக்கிற நீளமான ரப்பர் இன்னொன்று. 2007க்கு முந்தைய வண்டிகளில் கண்ணாடிக்குக் கீழே காற்றுக்காகத் திறக்கும் இரண்டு மூடிகள் இருக்கும், அவற்றின் ரப்பர் மூன்றாவது. நான் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் குற்றவாளி இரண்டாவதோ மூன்றாவதோதான். கூரை சட்டத்தோடு சேரும் விளிம்பையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள். தண்ணீர் மேலே புகுந்து, சட்டத்தின் உட்பக்கமாகவே ஊர்ந்து வந்து, ஒரு முழம் தள்ளிச் சொட்டும். சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம்.

கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள். உள்ளே நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, சந்தேகமுள்ள இடங்களில் எல்லாம் முகப்பவுடரைத் தூவுங்கள். ஒருவர் வெளியே ஹோஸ் பிடிக்க, நீங்கள் டார்ச்சோடு உள்ளே உட்காருங்கள். தண்ணீரைக் கீழிருந்து தொடங்க வேண்டும். முதலில் காற்று மூடிகள், பிறகு சட்டத்தின் அடி, பிறகு கண்ணாடியின் கீழ் விளிம்பு, பக்கங்கள், கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து ஒன்றும் தெரியாது. உயர் அழுத்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அது நல்ல ரப்பரையும் தாண்டி உள்ளே போகும். பவுடரில் கோடு விழும் இடம்தான் உங்கள் விடை.

கேள்வி (பொங்கோல்): வெளியே சுற்றிலும் சிலிக்கோன் தடவினால் பத்து நிமிட வேலை. அதற்குப் போய் ஏன் கண்ணாடியைக் கழற்ற வேண்டும்?

பதில்: இந்தக் கேள்விக்கு என் முதல் வண்டியே பதில். அது ஒரு சுசுகி எஸ்ஜே410. ஒழுகுகிறது என்று ஒரு கடையில் விட்டேன். சிலிக்கோன் பூசிக் கொடுத்தார்கள், ஒழுகல் நின்றது, எனக்கும் மகிழ்ச்சி. இரண்டு வருடம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றியபோது சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டும் பிஸ்கட் மாதிரிப் பொடிந்து கையோடு வந்தன.

நடந்தது இதுதான். வெளி விளிம்பை அடைத்ததால், வேறு வழியாக ரப்பருக்கு அடியில் புகுந்த தண்ணீர் வெளியேற இடமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. அதோடு, மலிவான சிலிக்கோன் காயும்போது வினிகர் வாடை வருமே, அது அசெட்டிக் அமிலம். இரும்புக்கு ஆகாது. இன்னொரு தொல்லை, சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட் ஒட்டாது.

ரப்பர் இன்னும் மெத்தென்று இருந்து ஓரிடத்தில் மட்டும் கசிகிறதா? கண்ணாடிக்கென்றே விற்கும், இறுகிப்போகாத பியூட்டைல் வகைப் பசையை வாங்குங்கள். நன்றாகக் காய்ந்த நாளில் ரப்பரின் விளிம்பைப் பிளாஸ்டிக் தகட்டால் மெல்லத் தூக்கி, அடியில் செலுத்துங்கள். அந்த அளவுக்குத்தான் தற்காலிக வைத்தியம். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத ரப்பர், மூலையில் வெடிப்பு விட்ட ரப்பர், சுருங்கி இணைப்பு பிரிந்த ரப்பர், இவற்றுக்கு எந்தப் பசையும் உதவாது.

கேள்வி (புக்கிட் பாத்தோக்): பழைய சுசுகி ஜிம்னிக்குப் புது ரப்பர் வாங்கி வைத்திருக்கிறேன். கயிறு போட்டு மாட்டுவார்களாமே, நானும் தம்பியும் செய்துவிட முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். இரண்டு பேர், பொறுமை, ஒரு மதியம். வீவக அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்துமிடத்தில் மட்டும் செய்யாதீர்கள். தெரிந்த வொர்க்‌ஷாப்பில் ஒரு மூலை கேளுங்கள்.

பழைய ரப்பரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். உள்பக்க விளிம்பைச் சுற்றிலும் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டால் கண்ணாடி தானாகத் தளரும். கையுறை போட்டு, உள்ளிருந்து இரு உள்ளங்கைகளாலும் மேல் பக்கத்தைச் சீராகத் தள்ள, வெளியே இருப்பவர் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு தாள் கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது இது. நடுவில் தாங்கும், மூலையில் ஒரு சின்ன இடி பட்டாலும் கீறல் ஓடிவிடும். போர்வை விரித்துப் படுக்க வையுங்கள்.

சட்டத்தைச் சுத்தம் செய்து (துருவைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்), புது ரப்பரை அரை மணி நேரம் வெயிலில் போடுங்கள். நம் ஊர் வெயிலில் குழைந்துவிடும். ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, சட்டத்தின் தகடு உட்காரும் வெளிக்காடிக்குள் (பள்ளத்துக்குள்) 4 அல்லது 5 மில்லிமீட்டர் நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதியுங்கள். கயிற்றின் இரு முனைகளும் கீழ்ப்பக்க நடுவில் ஒரு சாண் ஒன்றின்மேல் ஒன்று வந்து, வண்டிக்குள் தொங்க வேண்டும். காடியிலும் தகட்டிலும் சோப்புத் தண்ணீர் தாராளமாக. கிரீஸ், எண்ணெய் கூடாது. இந்த ரப்பர்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் வகை, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும்.

இப்போது வெளியே நிற்பவர் கண்ணாடியைக் கீழ் விளிம்பில் உட்காரவைத்து உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றின் ஒரு முனையைக் கண்ணாடியின் நடுவை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். கயிறு வரவர ரப்பரின் உள்விளிம்பு தகட்டைத் தாண்டி உள்ளே விழும். கயிறு வெளிவரும் அதே இடத்தில் வெளியிலிருந்து அழுத்தம் இருக்க வேண்டும். இருவரும் பேசிக்கொண்டே செய்யுங்கள். மூலைகளில் அவசரப்பட்டால் கயிறு ரப்பரைக் கிழித்துவிடும். மாட்டிய பிறகு கையால் தட்டி உட்காரவையுங்கள், சுத்தியல் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி (ஈசூன், முன்பு கேட்டவர்): சோதனை செய்தேன் அண்ணே. எனக்குக் கண்ணாடி ரப்பரேதான். டிஃபெண்டருக்கும் இதே முறையா?

பதில்: வரிசை மாறும். ரப்பரை முதலில் சட்டத்தில் மாட்டி, கண்ணாடியை அதற்குள் ஏற்றி, கடைசியில் நடுக்காடியில் ஒரு பூட்டுப்பட்டையைச் செலுத்த வேண்டும். அந்தப் பட்டைதான் ரப்பரை இரு பக்கமும் இறுக்குகிறது. அதற்கென்று வளையம் வைத்த சின்னக் கருவி கிடைக்கும், வாங்கிவிடுங்கள். பட்டையை இழுத்து இழுத்துச் செலுத்தினால் அன்று அழகாக இருக்கும், ஒரு மாதத்தில் சுருங்கி இணைப்பில் இடைவெளி விடும். தளர்வாகச் செலுத்தி, ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, முனைகளை நெருக்கி உள்ளே தள்ளுங்கள்.

கேள்வி (காக்கி புக்கிட்): ரப்பரை எடுத்ததும் சட்டம் முழுக்கத் துரு. அப்படியே புதுசை மாட்டலாமா?

பதில்: வேண்டாம். ரப்பர் எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடிய சாமான். சட்டம்தான் வண்டி. துருவின் மேடு பள்ளத்தில் எந்தப் புது ரப்பரும் சரியாக உட்காராது.

மேலோட்டமான துரு என்றால் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். குழிகளில் துரு மாற்றி திரவம், அதன்மேல் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் பெயின்ட். பிறகு சில நாள் சும்மா விடுங்கள். முழுதாகக் காயாத பெயின்டில் ரப்பரை அழுத்தினால் பெயின்ட் உரிந்து வரும், செய்த வேலை வீண். ஸ்குரூடிரைவர் முனை உள்ளே போகிறது என்றால் பூசி மறைக்காதீர்கள். வெட்டி எடுத்துப் புது தகடு வெல்டிங் செய்ய வேண்டும், அல்லது சட்டத்தையே மாற்ற வேண்டும்.

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது, ஈரக்காற்று எப்போதும் உண்டு. மழை குறைவான பிப்ரவரியில் இந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது. அதுவரை கூரையுள்ள இடத்தில் நிறுத்துங்கள்.

கேள்வி (தெம்பனிஸ்): 2012 எஸ்யுவி. இதற்கும் கயிறு முறைதானா?

பதில்: இல்லை. அதில் கண்ணாடி பாலியூரித்தேன் பசையால் உடம்போடு ஒட்டப்பட்டிருக்கும். விபத்தில் கூரையைத் தாங்குவதிலும் பயணி பக்க ஏர்பேக் சரியாக விரிவதிலும் அந்த ஒட்டுக்குப் பங்கு உண்டு. கண்ணாடிக் கடைக்கே போங்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): அடுத்த வாரம் வாகனப் பரிசோதனை. அதற்குள் முடித்துவிடலாமா?

பதில்: பத்து வருடம் தாண்டிய கார் என்றால் வருடா வருடம் பரிசோதனை இருக்கிறது. அதை முதலில் முடியுங்கள். கழற்றும்போது கண்ணாடியில் விரிசல் விழுந்துவிட்டால், பழைய வண்டிக்கு வேறு கண்ணாடி வந்து சேரும்வரை பரிசோதனைக்குக் கொண்டுபோக வண்டியே இருக்காது.

கேள்வி (செங்காங்): ஐயா, கணவருடைய டிஃபெண்டரில் ஒழுகல் சரியாகிவிட்டது. ஆனால் பூஞ்சை வாடை போகவில்லை. பிள்ளைகள் ஏற மறுக்கிறார்கள்.

பதில்: வாடை மேலே இல்லை அம்மா, விரிப்புக்கு அடியில் இருக்கும் பஞ்சில் இருக்கிறது. மேலே எவ்வளவு வாசனை அடித்தாலும் போகாது. விரிப்பையும் பஞ்சையும் முழுதாக வெளியே எடுத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். பஞ்சு கறுத்திருந்தால் தூக்கிப் போட்டுப் புதிது போடுவது மேல். எடுத்த கையோடு இருக்கைகளின் அடியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். டிஃபெண்டரில் பேட்டரி அங்கேதான் இருக்கிறது, டிடி5 இன்ஜின் வண்டி என்றால் கணினிப் பெட்டியும் அங்கேதான். ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூச்சு தெரிந்தால், பேட்டரியைத் துண்டித்துவிட்டு முதலில் அவற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். விரிப்பு அதற்குப் பிறகு உள்ளே போகட்டும்.