ராத்திரி காய்ச்சல் வந்தது, அடுத்த ஊசி போடலாமா?

கடலூரில் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். தடுப்பூசி பற்றி வந்த கேள்விகளில் நான்கு.

ஒன்றரை மாத ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல், தொடையும் வீங்கிவிட்டது. அடுத்த ஊசி வேண்டாம் என்கிறார் மாமியார். (தேவனாம்பட்டினம்)

மாமியார் மேல் கோபப்படாதீர்கள் அம்மா, பிள்ளை துடிப்பதைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் பெண்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியில் உள்ள கக்குவான் இருமல் தடுப்பு மருந்தால் வருவது, ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். நர்ஸ் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், ஊசி போட்ட இடத்தில் தைலம் தேய்க்க வேண்டாம். வலிப்பு வந்தாலோ, துவண்டு போனாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுதாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், அடுத்த ஊசிக்கு முன்னால் அதை டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். வெறும் காய்ச்சலும் வீக்கமும்தான் என்றால் இரண்டரை மாத ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் ஒரு தவணை போதாது, கைக்குழந்தைக்குக் கக்குவான் வந்தால் இருமி இருமி மூச்சே நின்றுபோகலாம்.

தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வருமா? வாட்ஸ்அப்பில் வந்தது. (புதுச்சேரி, லாஸ்பேட்டை)

வராது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோதும் இப்படித்தான் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, பல பெற்றோர் பயந்துபோனார்கள். இந்த ஆட்டிசக் கதை 1998-இல் வேக்ஃபீல்டு என்ற டாக்டர் 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதிய கட்டுரையில் தொடங்கியது. 2010-இல் அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் 6 லட்சத்து 57 ஆயிரம் குழந்தைகளைப் பார்த்து 2019-இல் வந்த ஆய்விலும் எந்தத் தொடர்பும் இல்லை. பிள்ளை பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்பதெல்லாம் ஒன்றரை வயதை ஒட்டித்தான் வீட்டில் கண்ணில் படும், இரண்டாவது தட்டம்மை ஊசியும் அதே வயதில்தான், அதனால் பழி ஊசி மேல் விழுகிறது. அப்படி ஏதாவது கவனித்திருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட இடத்தில் தழும்பே இல்லை. (நெல்லிக்குப்பம்)

ஊசி போட்டது உறுதி என்றால் போதும், மறுபடி போட வேண்டாம்.

வேலைக்காக வெளியூர் போய்விட்டோம். பையனுக்கு ஒன்றரை வயது, 9 மாத ஊசி போடவில்லை, அட்டையும் தொலைந்துவிட்டது. போனால் திட்டுவார்களோ? (குறிஞ்சிப்பாடி)

இந்தக் கடைசி வரிதான் எனக்கு வலிக்கிறது. திட்டுக்குப் பயந்தே எத்தனையோ பேர் வராமல் இருந்துவிடுகிறார்கள், எங்கள் பக்கத்துத் தவறு அது. முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட தட்டம்மை ஊசியை இப்போது போட்டு, குறைந்தது ஒரு மாதம் கழித்து அடுத்ததைப் போடலாம். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண் இருந்தால் எடுத்துப் போங்கள், பழைய பதிவைத் தேட உதவும். இந்தப் புதன்கிழமையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.