பப்பாளி மாவுப்பூச்சி: இங்கும் மெக்சிகோவிலும் ஒன்றுதானா?
கும்பகோணத்துப் பப்பாளித் தோட்டங்களில் காணும் மாவுப்பூச்சியும் அதன் தாயகமான மெக்சிகோவில் உள்ளதும் மரபணுவில் ஒன்றுதானா என்பது கேள்வி. இனம் ஒன்றே, ஆனால் ஓரினத்தின் கூட்டங்களுக்கிடையே மரபுக் குறிப்புகளில் சிறு மாறுதல்கள் இருக்கலாம், அதுவே மரபணு வேறுபாடு.

2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட இப்பூச்சியைப் போலப் புதிய நிலத்துக்கு வந்துசேருபவை பெரும்பாலும் சிலவே என்பதால், தாயகக் கூட்டத்தின் வேறுபாடுகளில் ஒரு பகுதி மட்டுமே அவற்றுடன் வருகிறது. மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா, தூயமல்லி எல்லாம் கலந்து கிடக்கும் பத்தாயத்திலிருந்து ஒரு பிடி மட்டும் அள்ளி விதைத்தால், பிடிக்குள் அகப்படாத ரகம் வயலில் முளைக்காது அல்லவா, அதுபோலத்தான்.

வேறுபாடு குறைந்தால் பூச்சி நலிந்துவிடும் என்பது தவறான எண்ணம்: இலையடியில் வெள்ளைப் பஞ்சுபோல் அப்பியிருந்த, இங்கு வந்த கூட்டம், 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவிகளை (மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகளை) விட்ட பிறகே அடங்கியது.