ரோயிங் மெஷின் பேஸ்: பிழை கணக்கில்தான், மீட்டரில் இல்லை

கேள்வி: மதுரை கே.கே. நகரில் வசிக்கிறேன். வீட்டில் இருக்கும் காற்றுத்தடை ரோயிங் மெஷினில் (துடுப்பு வலிப்பதுபோல் இழுக்கும் உடற்பயிற்சிக் கருவி) 2,000 மீட்டரை 9 நிமிடம் 20 விநாடியில் முடித்தேன். கைப்பேசியில் 9.20-ஐ நான்கால் வகுத்தால் 2.30 வருகிறது, திரையோ பேஸ் 2:20 என்று காட்டுகிறது. மெஷினை வாங்கித் தந்த ஏஜென்ட், அளவு காட்டும் மீட்டர் கருவியைச் சரிசெய்யத் தனிக் கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பேஸ் என்பது 500 மீட்டருக்கு ஆகும் நேரம். 2,000 மீட்டரில் நான்கு ஐந்நூறு இருப்பதால் நான்கால் வகுத்தது சரியே. ஆனால் நிமிடத்துக்கு 60 விநாடி என்பது கைப்பேசிக்குத் தெரியாது. ஒன்பதை அறுபதால் பெருக்கி, 20-ஐக் கூட்டினால் 560 விநாடி. நான்கால் வகுத்தால் 140, அதாவது 2 நிமிடம் 20 விநாடி. திரை சொல்வதும் அதுவே. இத்தனை விலைக்கு விற்கும் பொருளோடு தமிழில் ஒரு பக்க விளக்கம் தரக்கூட இங்கே யாருக்கும் மனம் வருவதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் இப்படிப்பட்ட ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள்.

நல்ல காற்றுத்தடை மெஷின், ஒவ்வோர் இழுப்புக்குப் பின்பும் சக்கரத்தின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதை அளந்து, தடையைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. மதுரைக் கோடைப் புழுதி சக்கர உறையின் வலையில் படிந்தால் காற்றோட்டம் குறைந்து இழுப்பு இலேசாகும்; வலையைச் சுத்தம் செய்தால் போதும், மீட்டரைத் தொட வேண்டியதில்லை. சக்கரத்துக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பக்கவாட்டு நெம்புகோலை 10-இல் வைத்தால் வேகம் கூடும் என்று அதே ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். அது கியர் போன்றது. இடுப்பு வலிதான் மிஞ்சும். பெரும்பாலோருக்கு 3 முதல் 5 வரை போதும். வேகத்தைத் தருவது காலின் உந்தல். 2:30-லிருந்து 2:00-க்கு வர ஏறத்தாழ இரு மடங்கு சக்தி வேண்டும்.

சராசரி பேஸ் போடும்போது வரும் ஒரு சிக்கலை மட்டும் பொறுமையாகப் பார்த்துவிடுங்கள். முதல் பத்து நிமிடம் 2:00, அடுத்த பத்து நிமிடம் 2:30 என்று இழுத்தால் சராசரி 2:15 ஆகாது. முதற்பாதியில் 2,500 மீட்டர், பிற்பாதியில் 2,000 மீட்டர், ஆக மொத்தம் 4,500 மீட்டர், அதாவது ஒன்பது ஐந்நூறு. 1,200 விநாடியை ஒன்பதால் வகுத்தால் 133 விநாடி, 2:13. நேரம் சமமாக இல்லாமல் இரு பாதியிலும் தூரம் சமமாக இருந்தால் மட்டுமே 2:15 சரி. ஏஜென்ட் இதையும் கோளாறு என்று சொல்லக்கூடும். அவர் எதிரிலேயே இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள்.