பியானோ கேள்வி-பதில்: தாளம் இடக்கையில்

கேள்வி (திருச்சி வாசகி): ஸ்காட் ஜாப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ பழகுகிறேன். நோட்ஸ் எல்லாம் சரியாக விழுகின்றன. ஆனாலும் டைப் அடிப்பது போலவே கேட்கிறதே?

பதில்: வேகம் கூடிவிட்டது. 1899-ல் வெளிவந்த உருப்படி அது. ராக்டைமை (இடக்கை சீராக அடி போட, வலக்கை அதற்கு இடையிடையே அழுத்தும் அமெரிக்கப் பியானோ பாணி) வேகமாக வாசிப்பது ஒருபோதும் சரியல்ல என்று ஜாப்ளின் தம் இசைத்தாள்கள் சிலவற்றில் அச்சடித்தே வைத்தார். ஏன் என்பது எண்ணிப் பார்த்தால் புரியும். ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, எட்டு மாத்திரை. இடக்கை ‘தக தக தக தக’ என்று நான்கு அடி போடும்: கீழே பேஸ் (தாழ்ந்த ஸ்வரம்), நடுவில் கார்ட் (சேர்ந்தொலிக்கும் சில ஸ்வரங்கள்), மறுபடி பேஸ், கார்ட். அதன்மேல் வலக்கையின் அழுத்தம் பல இடங்களில் ‘தகிட தகிட தக’ என்று வரும். இரண்டாவது ‘தகிட’ நான்காம் மாத்திரையில், இடக்கையின் இரண்டு அடிகளுக்கு நடுவே தொடங்குகிறது. ராக்டைமின் உயிர் அந்த இடுக்கில் இருக்கிறது. ஓட்டினால் அந்த அழுத்தம் பக்கத்து அடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு வெறும் விரல்வேகம்தான் மிஞ்சும்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒரு தட்டுக்கு நான்கு மாத்திரை. ஒரு வாரம் இடக்கை மட்டும். அடுத்து, இடக்கை வாசிக்கும்போதே வாயால் ‘தகிட தகிட தக’ சொல்லுங்கள். அது தடுமாறாமல் வந்தபின் வலக்கையைச் சேர்க்கலாம். 80 வரை ஏற்றினால் போதும். அதுவரை பெடல் வேண்டாம்.

கேள்வி (கோவை வாசகர்): ஸ்ட்ரைட் பாணியில் (ராக்டைமிலிருந்து வளர்ந்த ஜாஸ் பியானோ முறை) வரும் டென்த், அதாவது ஒரு ஸ்வரமும் அதிலிருந்து பத்தாவது ஸ்வரமும் சேர்ந்து, என் இடக்கைக்கு எட்டவில்லை. விரல்களை விரிக்கப் பயிற்சி உண்டா?

பதில்: இழுத்து விரிக்காதீர்கள், மணிக்கட்டு வலி வந்துவிடும். ஆக்டேவுக்கு (எட்டாவது ஸ்வரம் வரை) சுமார் 16.5 செ.மீ. விரிந்தால் போதும், டென்த்துக்கு 21 செ.மீ. வேண்டும். எட்டாத கைக்கு உடைத்து வாசிப்பதே வழி. சுண்டுவிரல் கீழ் ஸ்வரத்தைத் தட்டுக்குச் சற்று முன்பே தொடட்டும், பெடல் அதைப் பிடித்துக்கொள்ளட்டும், கட்டைவிரல் மிகச் சரியாகத் தட்டில் விழட்டும். பலர் கீழ் ஸ்வரத்தைத் தட்டில் வைக்கிறார்கள். மேல் ஸ்வரம் பிந்தி, பாருக்குப் பார் தாளம் இழுபடுகிறது. அடுத்த கார்ட் விழும்போது பெடல் மேலே வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பேஸும் கார்டும் கலந்து கூழாகிவிடும்.

இன்னொன்று: ஸ்ட்ரைட் கலைஞர் ஜேம்ஸ் பி. ஜான்சனின் ‘கரோலினா ஷவுட்’டை, பின்னாளில் ஜாஸ் மேதையான டியூக் எலிங்டன் இளம் வயதில் கற்றது பிளேயர் பியானோவில். துளையிட்ட காகிதச் சுருள் ஓட ஓட, கட்டைகள் தாமாக அமிழும். அவர் சுருளை மெதுவாக ஓடவிட்டு, அமிழும் கட்டைகளின் மேல் விரல் வைத்துப் பழகினார். இன்று பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு நீங்களும் அப்படியே பழகலாம்.

கேள்வி (மதுரை வாசகர்): ஆப்பிரிக்க-அமெரிக்கப் பியானோ கலைஞர்கள் ஜாஸ் மட்டும்தானா?

பதில்: இல்லவே இல்லை. 1963-ல் ஆந்த்ரே வாட்ஸ், 16 வயதில், லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நடத்திய நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன் லிஸ்ட்டின் முதல் பியானோ கான்செர்ட்டோவை வாசித்தார். பாடகி நீனா சிமோன் கிளாசிக்கல் பியானோ மேடைக்கென்றே பயின்றவர். கர்ட்டிஸ் இசைக்கல்லூரி இடம் மறுத்தது. நிறமே காரணம் என்று கடைசிவரை நம்பினார். 2003-ல் அதே கல்லூரி கௌரவப் பட்டம் தந்தபோது அவருக்கு வாழ்நாள் சில நாட்களே மிச்சமிருந்தது. அவருடைய முதல் ஆல்பத்தில் ‘லவ் மீ ஆர் லீவ் மீ’ பாட்டின் நடுவே வரும் பியானோவைக் கேளுங்கள். பாஹ் முறையில் இரு கைகளும் தனித்தனி வரி பாடும். முதல்முறை வலக்கையை விட்டுவிட்டு, இடக்கையை மட்டும் பின்தொடருங்கள்.