சண்டையே காதல்: ஸ்க்ரூபால் காமெடி பத்தி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஸ்க்ரூபால் காமெடின்னு சொல்றாங்களே, பேரே புரியல. சாதாரண காதல் காமெடியில இருந்து இது எப்படி வேற?

பதில்: பேரு பேஸ்பால்ல இருந்து வந்தது. பந்து வழக்கமா வளையுற பக்கம் வளையாம எதிர்ப்பக்கம் திரும்புற மாதிரி வீசுறதுக்கு ஸ்க்ரூபால்னு பேரு, 1930கள்ல கார்ல் ஹப்பெல் இத வீசியே பெரிய பேர் வாங்குனவர். கிறுக்குத்தனமான ஆளையும் அமெரிக்காவுல அப்படித்தான் கூப்பிடுவாங்க. 1930, 40கள்ல ஹாலிவுட்ல வந்த இந்த வகை காதல் காமெடிப் படங்கள்ல துரத்துறது பெரும்பாலும் பொண்ணுதான், ஆளு முழிச்சிட்டு நிப்பாரு. 1938ல வந்த 'பிரிங்கிங் அப் பேபி'ய எடுத்துக்கோங்க, கேரி கிராண்ட் டைனோசர் எலும்புக்கூட்டுக்கு கடைசியா ஒரே ஒரு எலும்பு வரணும்னு காத்திருக்குற ஆராய்ச்சியாளர், மறுநாள் கல்யாணம் வேற, அப்ப கேத்தரின் ஹெப்பர்ன் நுழையுறாங்க, கூடவே ஒரு சிறுத்தை, எலும்ப நாய் தூக்கிட்டுப் போய் புதைச்சிடுது, அதுக்கப்புறம் அந்த மனுஷனுக்கு மூச்சு விடக்கூட நேரம் கிடையாது. வந்தப்ப படம் ஓடல. எனக்கு இன்னிக்கும் இதுதான் இந்த வகையிலேயே உச்சம்.

கேள்வி: இது ஏன் சரியா 1934ல கிளம்புச்சு?

பதில்: ரெண்டு காரணம் ஒண்ணா சேந்துச்சு. ஒண்ணு அப்ப அமெரிக்காவுல இருந்த பொருளாதார வீழ்ச்சி. வேலை இல்லாம நிக்குற ஜனங்களுக்கு பணக்காரங்க அசடு வழியுறதப் பாக்கப் பிடிச்சுது, ஆனா அது வெறும் கேலி இல்லைங்க. 'மை மேன் காட்ஃப்ரே'யில (1936) பணக்காரங்க ஒரு விளையாட்டுக்காக குப்பைமேட்டுல வாழுற ஒருத்தர தேடிப் பிடிச்சு ஹோட்டலுக்கு கூட்டிட்டு வந்து காட்டுவாங்க, சிரிச்சிட்டே பாக்குறப்ப நமக்கு நெஞ்சு கனத்துப் போகும். அதுல ஜோடியா நடிச்ச வில்லியம் பவலும் கேரோல் லொம்பார்டும் நிஜத்துல 1933லயே விவாகரத்து ஆனவங்க!

ரெண்டாவது சென்சார். 1930லயே எழுதி வச்ச விதிகள 1934 நடுவுலதான் கறாரா அமல்படுத்துனாங்க. படுக்கையறைய காட்ட முடியாது, அதனால காதல் முழுக்க வாய்ச்சண்டைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு. இதுக்கு வழி காட்டுனது, அந்தக் கெடுபிடிக்கு சில மாசம் முன்னாடியே வந்த ஃபிராங்க் காப்ராவோட 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்'. அப்பாகிட்ட இருந்து ஓடிவந்த பணக்காரப் பொண்ணும் வேலை போன பத்திரிகைக்காரரும் ஒரே ரூம்ல தங்கணும், நடுவுல கயிறு கட்டி ஒரு போர்வைய தொங்கவிடுவாரு. அந்தப் போர்வை கிளப்புற எதிர்பார்ப்ப எந்த முத்தக்காட்சியும் கிளப்பாது. சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதைன்னு அஞ்சு பெரிய ஆஸ்கரையும் அள்ளிடுச்சு.

கேள்வி: வசனம் ரொம்ப வேகம், பின்தொடரவே முடியல. எப்படித்தான் பாக்குறது?

பதில்: முதல் தடவை எல்லா வார்த்தையும் பிடிக்கணும்னு முயற்சி பண்ணாதீங்க. பேசுறவங்கள விட கேட்டுட்டு இருக்கவங்க முகத்தப் பாருங்க, பாதி சிரிப்பு அங்கதான் இருக்கு. 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) எடுத்த ஹோவர்ட் ஹாக்ஸ் ஒரு தந்திரம் செஞ்சாரு, வசனத்தோட தொடக்கத்துலயும் முடிவுலயும் தேவையில்லாத வார்த்தைகள சேத்துட்டாரு, அப்ப ஒருத்தர் முடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தர் புகுந்தாலும் முக்கியமான விஷயம் காதுல விழுந்துடும். ஒரு பத்திரிகை எடிட்டரும் நிருபரும் மோதிக்கிற கதை இது, மூல நாடகத்துல அந்த நிருபர் ஒரு ஆம்பள. ஹாக்ஸ் அவர பொண்ணாக்கி, எடிட்டரோட முன்னாள் மனைவியாவும் ஆக்கிட்டாரு, அந்த ஒரு மாத்தத்துல வேலைச் சண்டை எல்லாம் காதல் சண்டையா ஆயிடுச்சு.

கேள்வி: ஒரே ஒரு படம் பாக்கணும்னா?

பதில்: 'தி ஆஃபுல் ட்ரூத்', 1937. நடுராத்திரி விவாகரத்து முடிவாகப் போற கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து ரூம்ல படுத்திருக்காங்க, நடுவுல இருக்குற கதவு காத்துல திறந்துக்கிட்டே இருக்கு. அந்தக் கதவுக்காகவே பாருங்க.