நாள் தள்ளிப்போட மாத்திரை எடுக்கிறீர்களா?

பிரசவத்துக்குப் பிறகு உங்கள் அக்காவுக்கு வந்த பக்கவாதம் உங்களுக்கும் வந்துவிடுமா என்பதுதான் உங்கள் கடிதத்தில் தெரியும் பயம். காலையில் இரண்டு கையும் மரத்துப்போவது, கண்ணிமை துடிப்பது, கழுத்துப் பிடிப்பு எல்லாம் அந்தப் பயத்தால் பெரிதாகத் தெரிகின்றன. உதறினால் சரியாகிவிடும் மரமரப்பு பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால் வருவது. இமை துடிப்பதற்குத் தூக்கம் போதாததே காரணமாக இருக்கும். இரண்டையும் விடுங்கள்.

யூடியூப் பார்த்துவிட்டு மாமனாரின் ஆஸ்பிரினை எடுத்துப் போட்டுக்கொள்வதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். பக்கவாதம் ரத்தக்குழாய் அடைத்தும் வரும், வெடித்தும் வரும். ஸ்கேன் எடுக்காமல் எது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. வெடித்திருந்தால் ஆஸ்பிரின் கேடு.

“வயசான ஆம்பளைங்களுக்கு வர்றதுதானே, 28 வயசுல அக்காவுக்கு எப்படி?” என்று கேட்டிருக்கிறீர்கள். 35 தாண்டிய பிறகுதான் ஆண்கள் முந்துகிறார்கள். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, சிகரெட், குடி எல்லாம் அந்த வயதில்தான் வேலையைக் காட்டும். 35-க்குக் கீழே பெண்கள் ஆண்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. சில ஆய்வுகளில் அவர்களுக்குத்தான் அதிகம். பிரசவத்தில் உதிரம் கொட்டிப் போகாமலிருக்க, கர்ப்ப காலத்திலேயே ரத்தம் எளிதில் உறையும்படி உடம்பு மாறிக்கொள்கிறது. குழந்தை பிறந்து 6 வாரம்வரை ஆபத்து அதிகம். அந்த நேரத்தில் மூளையிலிருந்து ரத்தம் வடிகிற சிரையில் ரத்தம் உறைந்து அடைத்தாலும் பக்கவாதம் வரும். அதுதான் உங்கள் அக்காவுக்கு வந்தது.

நம் வீடுகளில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் சுடுதண்ணீரோடு நிறுத்திவிடுகிறார்கள். உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் இன்னும் எளிதில் உறையும். பிரசவமாகி 12-ஆம் நாள் என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு நாக்கு அட்டை போலக் காய்ந்திருந்தது. நான்கு நாளாகத் தலைவலி. “பிள்ளையைத் தூக்குனா வலது கை நழுவுது டாக்டர்” என்றாள். கண் திருஷ்டி என்று சுற்றிப் போட்டுவிட்டுத்தான் கூட்டி வந்திருந்தார்கள். ரத்தக்கட்டைத் தடுக்கும் ஊசி போட்டோம். மூன்று வாரத்தில் அந்தக் கையாலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சீக்கிரம் வந்தால் பெரும்பாலோர் இப்படித் தேறிவிடுகிறார்கள்.

சரி, உங்கள் விஷயம். கடிதத்தின் கடைசியில், கோயில் திருவிழா, கிரகப்பிரவேசம் என்று வருடத்துக்கு மூன்று நான்கு முறை மெடிக்கலில் கேட்டு வாங்கி, நாள் தள்ளிப்போட மாத்திரை போடுவதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கவலைப்படுத்தியது அந்த ஒரு வரிதான். அது நாரெத்திஸ்டிரோன். அதில் ஒரு பங்கு உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறி, ரத்தம் உறைவதைக் கூட்டும். கூடப்பிறந்தவளுக்கு ரத்தக்கட்டு வந்திருக்கும்போது, டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்கவே கூடாது. தலைவலிக்கு முன்னால் கண்ணில் வளைந்து வளைந்து வெளிச்சம் மின்னுகிறது என்றும் சொல்கிறீர்கள். அது ஒற்றைத் தலைவலியில் ஒரு வகை. அது உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் ஆகாது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வழக்கமாக வரும் தலைவலி மாதிரி இல்லாமல், நாளுக்கு நாள் ஏறி, படுத்தால் கூடி, இருமினால் இடித்து, வாந்தியோ பார்வை மங்கலோ வலிப்போ சேர்ந்து வந்தால், அதுவும் மாத்திரை போட்ட நாட்களிலோ பிரசவம் ஆன பிறகோ வந்தால், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாதாரண சி.டி. ஸ்கேனில் இந்தச் சிரை அடைப்பு தெரியாமல் தப்பிவிடலாம். மாத்திரை போட்டதையும் அக்காவின் கதையையும் சொன்னால்தான் சிரையைப் பார்க்கிற ஸ்கேன் எடுப்பார்கள். வாய் கோணுவது, ஒரு பக்கம் கை விழுவது, பேச்சு குழறுவது திடீரென்று வந்தால் 108. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

அக்காவின் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். உறையும் தன்மை குடும்பத்தில் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டுமா என அவர் முடிவு செய்வார். அக்காவுக்கு இனிக் கருத்தடை மாத்திரை வேண்டாம், காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். அடுத்த கர்ப்பம் என்றால், நாள் தள்ளியதுமே இதை மகப்பேறு மருத்துவரிடம் அவர் சொல்லிவிட வேண்டும்.